ரேடன் வாயு: எங்கிருந்து வருகிறது, எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது

கொழும்பில் ரேடியேஷன் என்றால் எல்லாம் ஒன்றுதான். தொடர்மாடியின் உச்சியில் நிற்கும் தொலைபேசிக் கோபுரம், மைக்ரோவேவ் அடுப்பு, எக்ஸ்றே அறை, சமையலறையில் பதித்த கிரனைட் கல் எல்லாவற்றையும் ஒரே பயத்தில் போட்டுக் கலக்கிப் பேசுகிறோம். இப்போது ரேடனும் அதில் சேர்ந்துவிட்டது. கனடாவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எனப்படும் நிலத்தடித் தளத்து வீட்டில் குடியிருக்கும் மகன், "இங்கே ரேடன் சோதிக்கச் சொல்கிறார்கள்" என்று போனில் சொன்னால், வெள்ளவத்தையில் இருக்கும் அம்மா கேட்பது, "அப்ப எங்கட கிரனைட்டைக் கழட்ட வேணுமோ?" என்றுதான். மகனோ, "வாடகை வீடுதானே, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுவார். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இல்லை. மகன் விட்டுவிடுவதுதான் ஆபத்து. இந்த இரண்டையும் சரிசெய்ய, ரேடன் என்ன செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்த்துவிடுவது நல்லது.

ரேடன் என்பது என்ன

ரேடன் ஒரு வாயு. நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. சமையல் காஸுக்கும் இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக நாற்றமுள்ள ஒரு பொருளைக் கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள். மண்ணிலிருந்து தானாக வரும் ரேடனில் அப்படி எதையும் கலக்க முடியாது. அதனால் அது வீட்டில் இருக்கிறதா என்பதை மூக்கோ கண்ணோ ஒருநாளும் சொல்லாது.

அது யுரேனியத்திலிருந்து பிறக்கிறது. யுரேனியம் என்றதும் அணுகுண்டு ஞாபகத்துக்கு வரும். ஆனால் மிகச் சிறிய அளவில் அது உலகின் எல்லா மண்ணிலும் பாறையிலும் இருக்கிறது, உங்கள் வீட்டு முற்றத்திலும்கூட. யுரேனிய அணுக்கள் நிலையானவை அல்ல. அவை தாமாகவே உடைந்து, ஒரு துகளையோ கதிரையோ வெளியே வீசிவிட்டு, வேறொரு தனிமமாக மாறும். இதற்குப் பெயர் கதிரியக்கம். யுரேனியம் படிப்படியாக மாறி ரேடியம் ஆகிறது, ரேடியம் மாறி ரேடன் ஆகிறது. ரேடியம் வரைக்கும் எல்லாமே திண்மம். பாறைக்குள் பூட்டிக் கிடக்கும். அடுத்த படியில் பிறப்பது வாயு. மண் துகள்களுக்கு இடையில் உள்ள வெற்றிடங்கள் வழியாக அது நகரத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்காற்றைப் பொறுத்தவரை ரேடியத்தைவிட ரேடனைப் பற்றிக் கவலைப்படுவது இதனால்தான்.

ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. ஒரு கதிரியக்கப் பொருளில் பாதி உடைந்து தீர எடுக்கும் நேரத்தை அரைவாழ்வு என்பார்கள். ரேடனின் அரைவாழ்வு 3.8 நாள். எங்கோ தொலைவில் பிறந்த ரேடன் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வீட்டுக்குள் வரும் ரேடன் பெரும்பாலும் அந்த வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணிலிருந்தே வருகிறது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். முதலில் அவர் ஒரு புவியியலாளர். இலங்கையின் கனிமங்களை ஆராயும் பணிக்குத் தலைமை வகித்த காலத்தில், 1904இல், தோரியனைட் என்ற புதிய கனிமத்தை அடையாளம் காட்டினார். தோரியமும் யுரேனியமும் நிறைந்த கனிமம் அது. பேருவளைக் கடற்கரை மணலிலும் தோரியம் கொண்ட மொனசைட் இருக்கிறது. "எங்கள் மணலில் கதிர் இருக்கிறதாம்" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான். தோரியத்திலிருந்தும் ரேடனின் ஒரு வகை பிறக்கிறது, அதைத் தோரன் என்பார்கள். ஆனால் அதன் அரைவாழ்வு ஒரு நிமிடத்துக்கும் குறைவு, ஏறக்குறைய 56 வினாடி. ஆழத்தில் பிறக்கும் தோரன் வெளியே எட்டிப் பார்ப்பதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதனால் வீடுகளைப் பற்றிப் பேசும்போது முதலில் பார்க்கவேண்டியது ரேடனைத்தான்.

இதுவரை: எல்லா மண்ணிலும் கொஞ்சம் யுரேனியம் உண்டு, அதிலிருந்து மணமற்ற ரேடன் வாயு ஓயாமல் பிறக்கிறது, சில நாட்களில் உடைந்து தீர்கிறது. திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப் போவதால் தொல்லை இல்லை. வீட்டுக்குள் புகுந்து தேங்கினால்தான் பிரச்சினை.

வீடு எப்படி மண்காற்றை இழுக்கிறது

காலிமுகத்திடலில் செவ்விளநீர் வாங்கி ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கிறீர்கள். நீங்கள் உறிஞ்சும்போது வாய்க்குள் காற்றழுத்தம் சற்றுக் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் இளநீரை மேலே தள்ளுகிறது. குளிர்நாட்டு வீடு மண்ணை உறிஞ்சுவதும் இப்படித்தான். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். சூடான காற்று இலேசானது, மேலே எழும்பி மேல்மாடி இடுக்குகள் வழியாக வெளியேறும். போன காற்றுக்குப் பதிலாகக் கீழே காற்று வந்தாக வேண்டும். வீட்டின் அடிப்பகுதியில் அழுத்தம் மிகச் சிறிதளவு குறையும். உங்கள் உடம்புக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கொங்கிறீட் தரையின் வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் விளிம்பு, தண்ணீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடைவெளி, நிலத்தடி நீர் சேரும் குழி இவை ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரோவாகிவிடும். மண்ணுக்குள் இருக்கும் காற்று, அதிலுள்ள ரேடனோடு சேர்ந்து, உள்ளே ஏறும்.

பேஸ்மென்ட் ஏன் மோசம் என்பது இப்போது விளங்கும். அதன் தரையும் நாற்புறச் சுவர்களும் மண்ணோடு ஒட்டியிருக்கின்றன, ஜன்னல் சிறியது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் அதைத் திறப்பதும் இல்லை. நம் சொந்தக்காரர்கள் கனடாவுக்குப் போன புதிதில் வாடகை மலிவு என்று குடியேறுவதும் அங்கேதான். அதனால்தான் இந்த விஷயம் நமக்கு வெளியூர்ச் சங்கதி அல்ல.

கொழும்பு வீட்டின் கதை வேறு. உள்ளேயும் வெளியேயும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்று, அதனால் அந்த உறிஞ்சல் பலவீனம். பெரும்பாலான வீடுகளுக்குப் பேஸ்மென்ட் கிடையாது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே காற்றுப் போகத் துளைகள் விட்டிருப்பார்கள். அவை இரவும் பகலும் திறந்தபடியே இருக்கும். தொடர்மாடியில் நான்காம் ஐந்தாம் மாடியில் இருப்பவருக்கோ மண் எட்டாத தூரம். இவை எல்லாமே நமக்குச் சாதகம்.

ஒன்றுமட்டும் மாறிக்கொண்டு வருகிறது. நிலத்தோடு இருக்கும் அறைக்கு ஏசி போட்டதும் மேலே உள்ள துளைகளை அடைத்துவிடுகிறோம், ஜன்னலைச் சாத்திவிடுகிறோம். சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. அறையோடு ஒட்டிய குளியலறையில் எக்ஸோஸ்ட் விசிறி ஓடினால், அது காற்றை வெளியே இழுத்து உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும். உள்ளே புகுந்த வாயு வெளியேற வழியில்லாத அறையை நாமே உண்டாக்குகிறோம்.

சரி, கிரனைட்? அதில் யுரேனியம் சிறிதளவு இருப்பது உண்மை. ஆனால் நெருக்கமான, மெருகேற்றிய கல் பலகையிலிருந்து வெளியேறும் ரேடன் மிகக் குறைவு; அதுவும் காற்றோட்டமுள்ள சமையலறையில். வீட்டுக்கு அடியில் கிடக்கும் தொன்கணக்கான மண்ணோடு ஒப்பிட்டால் அந்தப் பலகை ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும், கிரனைட் மேடைகள் வீட்டு ரேடனைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயர்த்த வாய்ப்பில்லை என்றே சொல்கிறது. கழட்ட வேண்டாம். தொலைபேசிக் கோபுரத்துக்கும் ரேடனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வானொலி அலை, அணு எதுவும் அங்கே உடைவதில்லை.

நுரையீரலில் நடப்பது

ரேடன் எதோடும் ஒட்டாத வாயு. சுவாசித்தால் உள்ளே போகும், பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆபத்து அதன் பிள்ளைகளிடம் இருக்கிறது. ரேடன் உடைந்ததும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று வரிசையாக மாறுகிறது. இவற்றைச் சேய்த் தனிமங்கள் என்பார்கள். இவை வாயு அல்ல, திண்மம். அறையில் மிதக்கும் தூசியில் ஒட்டி, மூச்சோடு போய், சுவாசக் குழாயின் உட்சுவரில் படிந்துவிடும். இவற்றில் பல நிமிடக் கணக்கில் உடைபவை. உடம்பு அவற்றை வெளியே தள்ளுவதற்குள் அங்கேயே உடைகின்றன.

உடையும்போது பொலோனியம் வீசுவது அல்பா துகள். அது கனமானது, தூரம் போகாது. ஒரு தாள் போதும் அதைத் தடுக்க. வெளியிலிருந்து பட்டால் தோலின் மேலுள்ள இறந்த படலமே அதை நிறுத்திவிடும். ஆனால் சுவாசக் குழாயின் உட்சுவரில் அப்படி ஒரு படலம் கிடையாது. தாளைத் தாண்ட முடியாத அந்தத் துகள், உயிருள்ள உயிரணுவுக்குப் பக்கத்தில் இருந்து வெடித்தால் தன் சக்தி முழுவதையும் அதற்குள்ளேயே இறக்கிவிடும், மரபுப் பொருளை அறுத்துவிடும். பெரும்பாலான சேதத்தை உடம்பு சரிசெய்துகொள்ளும். சரிசெய்யாமல் விட்டது ஆண்டுகள் கழித்து நுரையீரல் புற்றுநோயாகலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988இலேயே ரேடனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

எவ்வளவு ஆபத்து என்பதில்தான் பேச்சு தடம் புரள்கிறது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். முதலில் அலகு. வினாடிக்கு ஓர் அணு உடைந்தால் அது ஒரு பெக்கரல். வீட்டு ரேடனை ஒரு கனமீட்டர் காற்றுக்கு இத்தனை பெக்கரல் என்று சொல்வார்கள். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள படுக்கையறையில் 36 கனமீட்டர் காற்று இருக்கும். ரேடன் அளவு 100 பெக்கரல் என்றால், அந்த அறையில் ஒவ்வொரு வினாடியும் 3,600 ரேடன் அணுக்கள் உடைகின்றன.

ஐரோப்பாவின் 9 நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளைச் சேர்த்து 2005இல் ஒரு பெரிய பகுப்பாய்வு வெளிவந்தது. நீண்டகால ரேடன் அளவு ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறைய 16 சதவீதம் கூடுகிறது என்றது அது. 16 சதவீதம் என்று மட்டும் கேட்டால் நூறு பேரில் பதினாறு பேருக்கு வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். அது தவறு. ஏற்கெனவே இருக்கும் அபாயத்தின் மேல் 16 சதவீதம். புகைபிடிக்காதவர்கள் ஆயிரம் பேரை எடுத்தால், ரேடன் இல்லாத நிலையில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர் சுமார் 4 பேர். 100 பெக்கரலில் 5 பேர். 400 பெக்கரலில் 7 பேர். சிகரெட் பிடிப்பவர்கள் ஆயிரம் பேரில் இதே கணக்கு 100, 120, 160. ரேடன் இருவருக்கும் கெடுதல்தான். ஆனால் புகைப்பவருக்கு அது சேர்க்கும் சுமை எத்தனையோ மடங்கு பெரிது. வீட்டில் புகைப்பவர் இருந்தால், ரேடனைக் குறைப்பதற்கு முன்னே செய்யவேண்டிய வேலை சிகரெட்டை நிறுத்துவது.

ரேடனால் தலைவலி வராது, மயக்கம் வராது, இருமலும் வராது. இன்றைக்கு மூச்சு முட்டுகிறது என்று ரேடனைச் சந்தேகிக்க வேண்டாம். அதற்கு டாக்டரைப் பாருங்கள். சோதனை செய்யவேண்டியது வீட்டுக்கு.

சோதிப்பது எப்படி

1984 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியியலாளர், தாம் வேலைசெய்த லிமரிக் அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவிகளை ஒலிக்க வைத்துக்கொண்டே இருந்தார். நிலையமோ இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கவே இல்லை. கதிரியக்கம் அவர் உடையில் வீட்டிலிருந்து வந்தது! அளந்து பார்த்தபோது அவர் வீட்டில் கனமீட்டருக்கு ஏறக்குறைய 1,00,000 பெக்கரல். வீட்டைச் சீர்செய்தபின் குடும்பம் மீண்டும் அங்கேயே குடியேறியது. வீட்டு ரேடனை உலகம் பரவலாகக் கவனிக்கத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

பக்கத்து வீட்டில் குறைவு என்றால் நம் வீட்டிலும் குறைவு என்று எண்ணக் கூடாது. கீழே உள்ள மண், தரையின் வெடிப்பு, ஜன்னல் பழக்கம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அளந்தால்தான் தெரியும்.

அளக்கும் கருவிகளில் நான் முதலில் சொல்வது அல்பா தடக் கருவியை. கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் டப்பி. மின்சாரமோ பற்றரியோ வேண்டாம். உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கும், மூக்குக்கண்ணாடி செய்யப் பயன்படும் அதே வகைப் பிளாஸ்டிக். டப்பிக்குள் புகும் ரேடன் உடையும்போதெல்லாம் அல்பா துகள் அந்த வில்லையில் கண்ணுக்குத் தெரியாத கீறலை விடும். மூன்று மாதம் அறையில் வைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அங்கே அதைக் காரக் கரைசலில் ஊறவைப்பார்கள். கீறல்கள் குழிகளாகப் பெரிதாகும், நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். குழி கூடினால் ரேடன் கூட. இவ்வளவுதான்.

கரித்தூள் டப்பியும் உண்டு. அது சில நாட்களுக்கு ரேடனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உடனே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். டிஜிட்டல் கருவி திரையிலேயே எண்ணைக் காட்டும். அதை வாங்கியவர்கள் காலையில் 60, இரவில் 210 என்று பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ரேடன் மணிக்கு மணி, பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். நுரையீரலுக்குக் கணக்கு பல மாதச் சராசரிதான். கனடாவின் சுகாதாரத் துறை குறைந்தது மூன்று மாதம், அதுவும் ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் அளக்கச் சொல்வது அதனால்தான்.

வைக்கும் இடம்: ஆட்கள் அன்றாடம் பல மணி நேரம் இருக்கும் அறைகளில் ஆகக் கீழே உள்ளது, முடிந்தால் படுக்கையறை. மூச்சுவிடும் உயரத்தில், ஜன்னலுக்கும் விசிறிக்கும் தள்ளி. சமையலறையும் குளியலறையும் வேண்டாம். சோதனைக் காலத்தில் நல்ல எண் வரவேண்டுமென்று ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். வழக்கமாக எப்படி இருப்பீர்களோ அப்படியே இருங்கள்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலைப் பரிந்துரைத்தது. அது முடியாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் நடவடிக்கை எடுக்கச் சொல்லும் அளவு 200, அமெரிக்காவில் 148. இந்தக் கோடுகளுக்குக் கீழே முழுப் பாதுகாப்பு, மேலே மரணம் என்று அர்த்தமில்லை. 190க்கும் 210க்கும் நுரையீரல் வித்தியாசம் பார்க்காது. 150 வந்தாலும், குறைக்க வசதி இருந்தால் குறைப்பதே நல்லது.

இதுவரை: குளிர்காலத்தில், ஆகக் கீழே உள்ள வாழும் அறையில், குறைந்தது மூன்று மாதம். ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

குறைப்பது எப்படி

வீடு மண்ணை உறிஞ்சுகிறது என்றோம். அதே இளநீரில் இன்னொருவர் உங்களைவிடப் பலமாக வேறொரு ஸ்ட்ரோவால் உறிஞ்சினால் உங்கள் வாய்க்கு ஒன்றும் வராது. தீர்வு அதுதான். பேஸ்மென்ட் தரையில் ஒரு துளை போட்டு, கொங்கிறீட்டுக்குக் கீழே உள்ள சரளைக்கல் படைக்குள் ஒரு பீவீசீ குழாயை இறக்குகிறார்கள். குழாயில் சிறிய மின்விசிறி ஒன்று இரவும் பகலும் ஓடும். மண்காற்று வீட்டுக்குள் வருமுன்னே அது இழுத்து, கூரைக்கு மேலோ ஜன்னல்களுக்கு எட்டாத வேறோர் இடத்திலோ வெளியே விட்டுவிடும். ரேடன் அளவு பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் குறையும். பயிற்சி பெற்றவர்கள் ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை.

அந்தக் குழாயில் நிறத் திரவம் நிரப்பிய வளைந்த குழல் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். இரண்டு பக்கமும் திரவம் ஏற்றத்தாழ்வாக நின்றால் விசிறி இழுக்கிறது; சமமாக நின்றால் விசிறி நின்றுவிட்டது. வீட்டில் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறி பொருத்தியதும் மறுபடியும் அளக்கவேண்டும், இதை விட்டுவிடாதீர்கள். குழாய் போட்டதும் காரியம் முடிந்தது என்று இருப்பவர்கள் அதிகம்.

வெடிப்புகளை அடைப்பது விசிறிக்குத் துணை, தனியாக அது போதாது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு எங்காவது இருக்கும். ஜன்னலைத் திறந்தால் உடனே குறையும், மூடினால் சில மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். வாடகைக்கு இருப்பவர் தரையில் துளை போட முடியாது, உண்மைதான். ஆனால் டப்பி வைத்து அளக்க வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை. எண் கையில் இருந்தால் அவரிடம் பேசுவது சுலபம்.

கொழும்பில் செய்யக்கூடியது

மாடியில் இருப்பவர்கள் இதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நிலத்தோடு இருக்கும் வீட்டில், இரவெல்லாம் மூடிக் கிடந்த ஏசி அறையைக் காலையில் எழுந்ததும் இரு பக்கமும் திறந்து விடுங்கள். அடைத்த மேல்துளைகளில் ஒன்றையாவது வலை போட்டுத் திறந்து வையுங்கள். இது ரேடனுக்கு மட்டுமல்ல, பூஞ்சணத்துக்கும் நல்லது. குழாய் வரும் இடத்தில் தரையில் இடைவெளி தெரிந்தால் சீமெந்தால் பூசிவிடுங்கள், எறும்பும் வராது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. திறந்த நீரில் ரேடன் தங்காது. கடும்பாறையைத் துளைத்த ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கரைந்திருக்கலாம். தொட்டியில் ஏற்றித் திறந்துவிட்டால் பெரும்பகுதி பறந்துவிடும். அளந்தே பார்க்கவேண்டும் என்று நினைப்பவர்கள் விசாரிக்கவேண்டிய இடம் ஒருகொடவத்தையில் உள்ள இலங்கை அணுசக்திச் சபை.

புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு, அதுவும் கீழே வாகனத் தரிப்பிடமோ அலுவலக அறையோ தோண்டிக் கட்டுபவர்களுக்கு, மலிவான ஒரு வேலை இருக்கிறது. தரைக்குக் கொங்கிறீட் போடுமுன் சரளைக்கல் பரப்பி, அதன்மேல் தடித்த பொலித்தீன் விரிப்பைக் கிழியாமல் விரிக்கச் சொல்லுங்கள். ஈரம் ஏறாமல் இருக்கவும் அது உதவும். சரளைக்குள்ளிருந்து ஒரு பீவீசீ குழாயைக் கூரைவரை எடுத்து விட்டுவையுங்கள். பின்னால் எப்போதாவது அளந்து எண் கூடுதலாக வந்தால், தரையை உடைக்காமல் அந்தக் குழாயிலேயே ஒரு விசிறியைப் பொருத்திக்கொள்ளலாம்.